எள்ளளவு உயிரும் குளத்தின் ஈரக்கரையும்

மலைமீது வேதகிரீசுவரரும் மலையடியில் பக்தவத்சலேசுவரரும் கோயில் கொண்டிருக்க, சங்குதீர்த்தம் பரந்து கிடக்கும் திருக்கழுக்குன்றத்தில் நீரைப் பற்றிப் பேசுவது, நீரோடு பிறந்து நீரோடு வளர்ந்தவர்களிடம் பேசுவதாகும். ஆயினும் இன்றைய உரையின் பொருள் நீரும் அன்று, நீரில் நீந்தும் மீனும் அன்று. குளத்துப் பாசியில் வாழ்ந்து, அப்பாசியையே உண்டு, எள்ளளவே வளர்ந்து, எவர் கண்ணிலும் படாமல் மறைந்துபோகும் நீர்வண்டுகளே இன்றைய பொருள்.

எள்ளளவு உயிரைப் பற்றி ஓர் அவை கூடிப் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்திற்கு விடை சொல்வதே இவ்வுரையின் நோக்கம். ஒரு குளம் உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய எதைப் பார்க்க வேண்டும்? நீரின் நிறத்தையா, படியின் பளபளப்பையா, கரையில் எழுப்பிய சுவரின் உயரத்தையா? இவை எல்லாவற்றையும்விட உறுதியான சான்று, நீரும் மண்ணும் கலக்கும் ஈரவிளிம்பில் இருக்கிறது என்பதையும், அந்த விளிம்பை நம்பியே இச்சிறு வண்டுகளின் தலைமுறைகள் தொடர்கின்றன என்பதையும் இவ்வுரை எடுத்துரைக்கும்.

முதலில் பாசியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் உணவை அறியாமல் உண்பவரை அறிய இயலாது. பாசி என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது படித்துறையில் காலை வழுக்கும் பச்சை வழும்புதான். வேரும் தண்டும் இலையும் இல்லாமல், கதிரொளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் எளிய நீர்த்தாவரங்கள் யாவும் பாசி என்ற ஒரே பெயருள் அடங்குகின்றன. அவற்றுள் சில தனித்தனி உயிரணுக்களாக நீரில் மிதந்து, நீர் முழுவதையும் பச்சைச் சாயம் கரைத்தது போல ஆக்குகின்றன. சில, உயிரணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நின்று நூல்நூலாக வளர்கின்றன. கையில் எடுத்தால் பட்டுப் போல வழுவழுக்கும் ஸ்பைரோகைரா இவ்வகையைச் சேர்ந்தது. இன்னும் சில, அடிமண்ணில் காலூன்றிக் கணுக்கணுவாக நிமிர்ந்து, பார்வைக்குச் செடி போலவே தோன்றுகின்றன. காரா, நிட்டெல்லா என்பவை இவ்வகையின.

இவற்றுள் காராவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தெளிந்த நீரின் அடியில் அடர்ந்து படரும் இப்பாசியின் உடலில் சுண்ணாம்பு படிவதால், தொட்டால் சொரசொரப்பாகவும் ஒடித்தால் நொறுங்குவதாகவும் இருக்கும். கசக்கி முகர்ந்தால் பூண்டின் நெடி வீசும். இக்குடும்பத்துப் பாசிகளில் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடைப்பட்ட நீண்ட குழல் ஒரே ஓர் உயிரணு என்பதும், அந்த ஒற்றை உயிரணு சில சென்டிமீட்டர் நீளம்வரை வளர்ந்து வெறுங்கண்ணுக்கே தெரியும் என்பதும் வியப்பூட்டுபவை. உயிரணுவைக் காண நுண்ணோக்கி வேண்டும் என்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள், குளத்து நீரிலிருந்து ஒரு நிட்டெல்லாவை எடுத்துப் பார்த்தால், உயிரணு ஒன்று விரலிடையில் கிடப்பதைக் காண்பார்கள்.

பாசியை உற்று நோக்கும் பழக்கம் தமிழருக்குப் புதியதா? அன்று. ஊரார் நீர் உண்ணும் கேணியின் துறையில் பாசி, தொடும்போதெல்லாம் விலகியும் விடும்போதெல்லாம் மீண்டும் வந்து பரவியும் நிற்கும் இயல்பைக் கண்ட பரணர், தலைவியின் பசலைக்கு அதனை உவமையாக்கிக் குறுந்தொகையின் 399ஆம் பாட்டில் வைத்தார். கேணிக்கரையில் நின்று பாசியின் அசைவைக் கூர்ந்து பார்த்தவருக்கே அந்த உவமை கிட்டும்.

அந்தக் கூர்மை அண்மைக் காலத்தில் அறிவியலாகவும் மலர்ந்தது. இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார் 1886இல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கற்பித்து, பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வுக்கூடத்திற்கு இயக்குநராக விளங்கி, 1963இல் மறைந்தவர். நீர் வற்றி ஈரம் மட்டும் எஞ்சிய குட்டைகளின் வண்டல்மண்ணில் வளரும் ஃபிரிட்ஷியெல்லா என்னும் பாசியினத்தை அவர் 1932இல் உலகிற்கு அறிவித்தார். நீரில் வாழ்ந்த தாவரங்கள் நிலத்திற்கு ஏறிய வழியை ஆராய்வோர் இன்றும் அப்பாசியைச் சுட்டிக்காட்டுகின்றனர். வற்றிய குட்டையின் சேற்றில் ஒருவர் குனிந்து பார்த்ததால் உலகத் தாவரவியல் நூல்களில் ஒரு பக்கம் எழுதப்பட்டது என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

பாசி என்பது அழுக்கு அன்று, அது குளத்தின் விளைச்சல். விளைச்சல் இருக்கும் இடத்தில் அதை உண்ணும் உயிர் இல்லாமல் போகுமா? வயலில் நெல் விளைந்தால் குருவி வருகிறது. புல் முளைத்தால் ஆடு வருகிறது. குளத்தில் பாசி விளைந்தால் அதை மேய வருவோர் பலர். நத்தை வருகிறது, தலைப்பிரட்டை வருகிறது, மீன்குஞ்சு வருகிறது. அந்த வரிசையில் பெயர் சொல்லப்படாமல் நிற்பவைதாம் பாசியுண்ணும் நீர்வண்டுகள்.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட வண்டினங்கள் ஏறத்தாழ நான்கு லட்சம். முன்னிறகுகள் இரண்டும் கடினமான மூடிகளாக மாறி, பறக்கும் மென்மையான பின்னிறகுகளையும் முதுகையும் காப்பதுதான் வண்டு என்னும் உயிர்வகையின் அடையாளம். நிலத்திற்கென்று அமைந்த இந்த உடலோடு சில வண்டுகள் நீரில் இறங்கின. அவற்றுள் பெரும்பாலோர் அறிந்தவை இரண்டு. நீர்ப்பரப்பின்மேல் கூட்டமாகச் சுற்றிச் சுற்றி வரும் கரிய சுழல்வண்டு ஒன்று. இரண்டு பின்னங்கால்களையும் துடுப்புகள் போல ஒருசேர உதைத்து நீருக்குள் பாய்ந்து இரைதேடும் நீச்சல்வண்டு மற்றொன்று. இவ்விரண்டும் வேட்டையாடுபவை. வேட்டையாடுவோர் எங்கும் புகழ் பெறுகின்றனர், மேய்வோர் மறக்கப்படுகின்றனர்.

மறக்கப்பட்ட மேய்வோருள் முதலில் சொல்லத்தக்கது ஹாலிப்ளிடே என்னும் குடும்பம். உலகெங்கும் இருநூற்றுக்கும் சற்று மேற்பட்ட இனங்களே கொண்ட இச்சிறு குடும்பத்தின் வண்டுகள் ஒன்றரை முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை நீளமுடையவை. ஓர் எள்ளின் நீளம் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் என்பதால், எள்ளளவு என்ற சொல் இங்கே மிகையில்லாத அளவீடாகவே நிற்கிறது. உடல் படகு போல இருமுனையும் குறுகி, மஞ்சளும் பழுப்பும் கலந்து, இறகுமூடிகளின்மேல் ஊசியால் குத்தி வைத்தாற்போன்ற புள்ளிகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கும். இக்குடும்பத்தின் முதன்மைப் பேரினமான ஹாலிப்ளஸுக்குப் பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் 1802இல் பெயரிட்டார். கடலில் செல்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. பெயரில் கடல் இருந்தாலும் இவற்றுள் பெரும்பாலானவை குளம், குட்டை, ஏரி, மெல்லோடும் வாய்க்கால் ஆகியவற்றின் நன்னீர்வாசிகளே.

இவ்வண்டு நீருக்குள் செல்லும் முறை தனித்தன்மை உடையது. நீச்சல்வண்டு இரு பின்னங்கால்களையும் ஒரே நேரத்தில் உதைப்பது போல் இது உதைப்பதில்லை. நிலத்தில் நடப்பது போலவே வலக்காலும் இடக்காலுமாக மாற்றி மாற்றி வைத்து, நீரை நடந்தே கடக்கிறது. அதனால் இதனைத் தவழும் நீர்வண்டு என்று இவ்வுரை அழைக்கிறது. விரைவு இதற்கு வேண்டியதில்லை, ஏனெனில் இதன் உணவு ஓடி ஒளிவதில்லை. பாசியிழைகளின் சிக்கலுக்குள் பற்றிப் பற்றி ஏற வல்ல கால்களே இதற்குப் போதுமானவை.

இனி, நிலத்துக் காற்றை மூச்சாகக் கொண்ட இவ்வுயிர் நீருக்கடியில் எவ்வாறு பிழைக்கிறது? இதன் வயிற்றுப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், பின்னங்கால்களின் அடிப்பகுதி இரண்டு அகன்ற தகடுகளாக விரிந்து, தொடையின் தொடக்கத்தையும் வயிற்றின் முதற்கண்டங்களையும் மூடியிருப்பது தெரியும். இத்தனை பெரிய தகடுகள் வண்டுகளிடையே அரியவை. அத்தகடுகளின் கீழும் இறகுமூடிகளின் கீழும் வண்டு காற்றைச் சேமித்துக்கொண்டு நீருள் இறங்குகிறது. சேமித்த காற்று தீரும்போது மேலே வந்து, வாற்பகுதியை நீர்ப்பரப்புக்கு வெளியே நீட்டிப் புதுக்காற்றை ஏற்றுக்கொண்டு மீண்டும் இறங்குகிறது.

காற்றைக் கட்டிச் சுமக்கும் இந்த ஏற்பாட்டின் நுட்பம் இதனோடு முடிவதில்லை. குமிழியில் இருக்கும் ஆக்சிஜனை வண்டு உயிர்ப்பாக இழுத்துக்கொள்ளும்போது, குமிழிக்குள் அதன் அளவு குறைகிறது. குறைந்தவுடன், சுற்றியுள்ள நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தானே குமிழிக்குள் புகுகிறது. ஆகவே குமிழி ஒரு சேமிப்புப் பை மட்டுமாக இல்லாமல், நீரிலிருந்து மூச்சை வாங்கித் தரும் செவுளாகவும் தொழிற்படுகிறது. குமிழியில் உள்ள நைட்ரஜன் மெல்ல மெல்ல நீரில் கரைந்து குமிழி சுருங்குவதால்தான் வண்டு மீண்டும் மேலே வர நேர்கிறது. நீர்ப்பூச்சிகளின் காற்றுச்சேமிப்பு இவ்வாறு செவுளாகப் பயன்படுவதை டென்மார்க்கு நாட்டு ஆய்வாளர் ரிச்சர்ட் ஏகே 1915இல் விளக்கினார். நீரில் ஆக்சிஜன் நிறைந்திருந்தால் குமிழி நெடுநேரம் உதவும். நீர் அழுகி ஆக்சிஜன் இழந்தால் குமிழியும் விரைவில் பயனற்றுப்போகும். ஒரு குளத்தின் நலம் இந்த எள்ளளவு வண்டின் வயிற்றடியில் அளக்கப்படுகிறது என்று சொன்னால் அது தவறாகாது.

வளர்ந்த வண்டின் உணவில் பாசி முதன்மையானது. அதனோடு பூச்சிகளின் முட்டைகள், நுண்ணிய ஓட்டுயிரிகள் முதலியவற்றையும் அது உண்ணும். பாசியையே முழுதும் சார்ந்து வாழ்வது இதன் இளம்பருவம், அதாவது புழுப்பருவம். முட்டையிலிருந்தே அந்தச் சார்பு தொடங்குகிறது. ஹாலிப்ளஸின் சில இனங்களில் தாய்வண்டு நிட்டெல்லாவைப் போன்ற பாசியின் நீண்ட உயிரணுவைக் கடித்துத் துளையிட்டு, அதன் உள்ளே முட்டைகளை வைக்கிறது. பசுங்குழல் ஒன்றே கருவறையாகவும், பின்னர் அதைச் சூழ்ந்த பாசியே பந்தியாகவும் அமைந்துவிடுகிறது.

முட்டையிலிருந்து வெளிவரும் புழு, குச்சி போல ஒல்லியாக, அசைவில் மிக மந்தமாக, தான் வாழும் பாசியிழையோடு நிறத்தாலும் வடிவாலும் ஒன்றிக் கிடப்பதால், இழை எது, புழு எது என்று பிரித்தறிவது அரிது. முன்கால்களால் ஓர் இழையைப் பற்றிக்கொண்டு, தாடையால் ஓர் உயிரணுவைத் துளைத்து, தாடையினுள் ஓடும் நுண்குழல் வழியே அதன் சாற்றை உறிஞ்சி, அது தீர்ந்ததும் அடுத்த உயிரணுவுக்கு நகர்கிறது. கரும்பைக் கணுக்கணுவாகக் கடித்துச் சாறு உறிஞ்சும் சிறுவனைப் போல, இப்புழு பாசியிழையை அணு அணுவாக உண்டு முடிக்கிறது. பெல்டோடைட்டிஸ் என்னும் மற்றொரு பேரினத்தின் புழுக்கள் முதுகில் நீண்ட கணுவிழைகளைச் சுமந்து, அவற்றின் வழியே நீரிலிருந்து நேராக மூச்சு வாங்குகின்றன. இவ்வாறு மூன்று வளர்ச்சிநிலைகளைக் கடந்த பின், புழுவின் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்கிறது.

அவையோரே, இவ்வுரை முழுவதும் அந்தத் திருப்பத்தைச் சொல்வதற்காகவே எழுந்தது என்று கொள்ளலாம். நீரிலேயே பிறந்து, நீரிலேயே உண்டு வளர்ந்த அப்புழு, கூட்டுப்புழுவாகும் பருவத்தில் நீரை விட்டு வெளியேறுகிறது. கரையேறி, நீர்விளிம்பை அடுத்த ஈரமண்ணைத் தோண்டி, ஒரு சிற்றறை அமைத்து, அதனுள் அடங்கி, உடலை உருக்கி வேறுருவாக வார்த்துக்கொண்டு, வண்டாக வெளிப்பட்டு மீண்டும் நீருக்குத் திரும்புகிறது. ஆகவே இவ்வண்டுக்கு வீடு நீர் என்றால், தொட்டில் கரை. ஈரமண் இல்லாத கரையைக் கொண்ட குளம், தொட்டில் இல்லாத வீடு.

இவ்வண்டுகளுக்கு வேறு உறவினர் இல்லையா? உண்டு. ஹைட்ரெனிடே என்னும் குடும்பத்துச் சிற்றினங்கள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ளவை. வயிற்றுப்புறத்தில் நீர் ஒட்டாத நுண்மயிர்ப் பரப்பில் வெள்ளிப் பூச்சுப் போலக் காற்றைப் போர்த்திக்கொண்டு, கற்களின்மேல் படிந்த பாசிப் படலத்தை மேய்பவை அவை. தவழும் நீர்வண்டு வாற்புறத்தால் காற்றை வாங்குகிறது என்றால், இவை தலைப்புறத்தை மேலே கொணர்ந்து, உணர்கொம்பால் நீரின் மேற்படலத்தைத் திறந்து காற்றை உள்ளிழுக்கின்றன. இக்குடும்பத்தைச் சேர்ந்த ஆக்தெபியஸ் பேரினத்தின் சில இனங்கள், மத்தியதரைக் கடற்கரைகளில் அலைத்துளி தெறித்துத் தேங்கும் பாறைக்குழிகளில், வெயிலில் நீர் சுண்டிக் கடல்நீரைவிடவும் உப்பேறிய நிலையிலும் உயிர்வாழ்கின்றன. மாமல்லபுரத்துக் கரையில் பாறைக்குழிகளைக் கடந்து நடக்கும் இளைஞர்கள், ஒரு கணம் குனிந்து அக்குழிநீரையும் அதன் பாசியையும் பார்த்தால் என்ன?

இன்னும் சிறியவையும் உள. மிக்ஸோபேகா என்னும் வண்டுப் பிரிவின் பெயருக்கே வழும்பை உண்பவை என்பது பொருள். 1955இல் அறிஞர் கிரௌசன் இப்பிரிவை வகுத்தார். வண்டு உலகின் நான்கு பெரும்பிரிவுகளுள் ஒன்றாக நின்றும், ஏறத்தாழ நூறு இனங்களே இதில் அடங்குகின்றன. ஓடைக் கற்களிலும், நீர் கசியும் பாறை முகங்களிலும், வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்திலும் படரும் பாசியே இவற்றின் உணவு. ஸ்பீரியஸ் என்னும் பேரினம் அரை மில்லிமீட்டரிலிருந்து தொடங்கும் உருண்டை வடிவினது. கடுகின் பக்கத்தில் வைத்தால் கடுகு பெரிதாகத் தெரியும். இப்பிரிவின் பெண்வண்டுகள் உடல் சிறுத்துப்போனதால், ஒரு நேரத்தில் ஒரே ஒரு முட்டையைத்தான் உருவாக்க இயலும். ஆயிரம் முட்டையிடும் உயிர் ஓர் ஆண்டின் இழப்பை மறு ஆண்டில் ஈடுசெய்யும். ஒவ்வொன்றாக முட்டையிடும் உயிரின் வாழிடம் அழிந்தால், ஈடு செய்ய எங்கே போவது?

இத்தகைய உயிர்களைக் கணக்கெடுக்கும் பணி இந்நாட்டில் நடைபெறாமல் இல்லை. 1916இல் தோன்றிய இந்திய விலங்கியல் ஆய்வகம் வெளியிட்டுவரும் இந்திய விலங்கினங்கள் என்னும் நூல்வரிசையில், நீர்வண்டுகளையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட வசிரானி என்னும் அறிஞர், சுழல்வண்டுக் குடும்பத்தையும் ஹாலிப்ளிடே குடும்பத்தையும் சேர்த்து எழுதிய தொகுதி 1984இல் வந்தது. எள்ளளவு வண்டின் இறகுமூடியில் எத்தனை வரிசைப் புள்ளிகள், அவற்றின் நடுவே எந்த இடத்தில் கரும்பட்டை என்றெல்லாம் பொறுமையோடு அளந்து எழுதப்பட்ட அத்தகைய நூல்களே, அடுத்து வருவோருக்குக் கைவிளக்கு.

இனி, இம்மண்ணுக்கு வருவோம். செங்கல்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்ற பெயர் நெடுங்காலமாக வழங்குகிறது. வற்றாத பேராறு இல்லாத நிலத்தில், வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் நீரைத் தேக்கி ஆண்டு முழுவதும் வாழ வேண்டியிருந்ததால், முன்னோர் ஏரி, தாங்கல், குளம், குட்டை என்று அளவுக்கேற்ற பெயரும் அமைப்பும் வகுத்தனர். வரத்துக்கால் வழியே நீர் வந்து, மதகு வழியே வயலுக்குப் பாய்ந்து, மிஞ்சியது கலிங்கல் வழியே அடுத்த ஏரிக்கு ஓடியது. கோடையில் ஏரிகள் வற்றும்போதும் ஆழமான கோயிற்குளங்களில் நீர் நின்றது. இவ்வமைப்பு மனிதருக்கு மட்டுமா உதவியது? தவழும் நீர்வண்டுகளுள் பல பறக்க வல்லவை. ஒரு நீர்நிலை வற்றினால் மற்றொன்றைத் தேடிச் செல்லும் அத்தகைய உயிர்களுக்கு, ஒன்றுக்கொன்று அருகே அமைந்த ஏரிகளும் வற்றாத குளங்களும் தங்கிச் செல்லும் சத்திரங்களாக அமைகின்றன.

நீர், பாசி, உயிர் ஆகியவற்றின் உறவை இச்சீமையின் உழவர் அறியாதவர் அல்லர். வேடந்தாங்கல் ஏரியில் கூடும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து, அந்நீர் பாயும் வயல் செழிப்பதைக் கண்ட ஊரார் பறவைகளைக் காத்தனர். பறவைகளைச் சுட்டவர்களுக்கு எதிராக முறையிட்டு, 1798ஆம் ஆண்டளவில் அன்றைய ஆட்சியர் லயோனல் பிளேஸிடமிருந்து பாதுகாப்பு ஆணையும் பெற்றனர். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அச்சிற்றேரி 2022இல் உலகச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. எச்சம் உரமாகிறது, உரம் பாசியாகிறது, பாசி புழுவாகவும் மீனாகவும் ஆகிறது, மீன் மீண்டும் பறவையாகிறது. இச்சுழற்சியில் எள்ளளவு வண்டுக்கும் ஓர் இருக்கை உண்டு.

ஆனால் உரம் அளவை மீறினால் என்ன நேரும்? 1940இல் கணபதி என்னும் நீரியல் ஆய்வாளர், மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நுண்பாசி நிலையாகப் பெருகிப் பச்சைக் குழம்பாகிவிட்ட ஒரு கோயிற்குளத்தின் நிலையை ஆராய்ந்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் விரிவாக எழுதினார். கழிவுநீரும் பிற சத்துகளும் மிகுதியாகச் சேரும்போது மிதக்கும் நுண்பாசி கட்டுக்கடங்காமல் பெருகி, கதிரொளியை மேற்பரப்பிலேயே தடுத்துவிடுகிறது. ஒளி கிட்டாத அடித்தளத்தில் காரா மடிகிறது. காரா மடிந்தால் அதை நம்பிய புழு மடிகிறது. அழுகிய பாசி ஆக்சிஜனைத் தின்றுவிட, வண்டின் குமிழியும் துணை செய்யாமல் போகிறது. பாசி மிகுந்தால் பாசியுண்ணும் வண்டு பெருகும் என்பது பொதுவான கணிப்பு. அது எல்லா நேரத்திலும் மெய்யாவதில்லை, ஏனெனில் பச்சை எல்லாம் ஒரே பச்சை அன்று. நூலாகவும் கணுவாகவும் வளரும் பாசி இவ்வண்டின் உணவு, நீரைக் குழம்பாக்கும் நுண்பாசி இவ்வண்டின் அழிவு.

இங்கே ஓர் உண்மையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இவ்வண்டுகளைக் கொண்டுவந்து விட்டால் குளம் தூய்மையாகிவிடும் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. எள்ளளவு வாயால் ஏரியளவு பாசியை உண்டு தீர்க்க இயலாது. இவை மருந்து அல்ல, நாடி. நாடி துடிப்பதால் நோய் தீர்வதில்லை, ஆயினும் நாடி துடிக்கிறதா என்று பார்க்காமல் எந்த மருத்துவரும் மருந்து கொடுப்பதில்லை.

அந்த நாடியை அடக்குபவை எவை? நல்லெண்ணத்தோடு செய்யப்படும் செயல்களும் அவற்றுள் அடங்கும் என்பதே வருத்தம் தருவது. கொசுவை ஒழிக்க 1928இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீன், கொசுப்புழுவோடு பிற நீர்ப்பூச்சிகளின் இளம்பருவங்களையும் தின்கிறது. 1952இல் வந்த ஜிலேபி மீன் ஏரி குளம் எங்கும் பரவிவிட்டது. ஆகாயத்தாமரை நீரை மூடி ஒளியை மறைக்கிறது. குளத்தை அழகுபடுத்துவதாக எண்ணி நான்கு பக்கமும் அடிமுதல் மேல்வரை கான்கிரீட்டால் பூசிவிடும்போது, மண்ணுக்கும் நீருக்கும் இடையே இருந்த ஈரவிளிம்பு ஒரே வாரத்தில் மறைந்துபோகிறது. நீர் இருக்கும், பாசியும் இருக்கும். கரையேறிய புழு மட்டும் சுடும் சுவரில் மண்ணைத் தேடித் தேடி மடியும்.

படித்துறை வேண்டாம் என்றா இவ்வுரை சொல்கிறது? இல்லை. கற்படிகளைக் கட்டிய முன்னோர், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மண்ணும் ஈரமும் தங்க இடம் விட்டிருந்தனர். ஏரிக்கரைக்கு அலைகல் பதித்தபோதும் உட்புறத்தில் தாழ்ந்து சரியும் மண்விளிம்பை விட்டுவைத்தனர். தமிழ்நாட்டில் 2017 முதல் புத்துயிர் பெற்ற குடிமராமத்துப் பணியும், ஊர்தோறும் இளைஞர்கள் முன்னின்று செய்யும் தூர்வாரலும் பாராட்டத்தக்கவை. அப்பணிகளோடு சில எளிய முறைகளைச் சேர்த்துக்கொண்டால் போதும். தூர்வாரும்போது குளம் முழுவதையும் ஒரே நேரத்தில் வழித்தெடுக்காமல், ஒரு மூலையைப் பாசியோடும் சேற்றோடும் விட்டுவைத்து, அடுத்த ஆண்டு அம்மூலைக்கு வரலாம். சுவர் எழுப்பியே தீரவேண்டிய இடத்தில், ஒரு பக்கத்தையாவது சரிவான மண்கரையாக விடலாம். கழிவுநீர்க் குழாய் வரத்துக்காலில் சேராமல் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகள் ஒரு வெள்ளைத் தட்டில் சிறிது குளத்துநீரையும் ஒரு பிடி பாசியையும் இட்டு, சிறிது நேரம் அசையாமல் காத்திருந்து, எவையெவை அசைகின்றன என்று எழுதிவைத்து, நீரையும் உயிரையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம். செலவு என்று சொல்ல ஒன்றும் இல்லை, பொறுமை ஒன்றே முதல்.

பொறுமையைப் பற்றித் திருக்கழுக்குன்றத்துக்கு எவர் கற்பிக்க வேண்டும்? இந்த ஊர் வானத்தை நோக்கிக் காத்திருந்த ஊர். உச்சிவேளையில் மலைமீது இறங்கி அமுது உண்டு சென்ற கழுகுகளால் பெயர் பெற்ற ஊர். மஞ்சள்முகப் பாறு என்று பறவையியலார் அழைக்கும் அக்கழுகுகள் 1990களின் இறுதிக்குப் பின் வருவதை நிறுத்தின. அவை வராத முதல் நண்பகலிலேயே ஊர் அறிந்தது, ஏனெனில் ஊரின் கண் அவற்றின்மேல் இருந்தது. பெரிய சிறகு மறைந்தால் வானம் வெறிச்சோடித் தெரிகிறது. எள்ளளவு சிறகு மறைந்தால் எது வெறிச்சோடித் தெரியும்? எதுவும் தெரியாது. தெரியாமல் மறைவதுதான் சிற்றுயிரின் பெருந்துயரம்.

இந்த ஊர் நீரை நோக்கியும் காத்திருக்கும் ஊர். சங்குதீர்த்தத்தில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு தோன்றும் என்னும் நம்பிக்கையோடு, தலைமுறை தலைமுறையாக அக்குளத்தின் கரையில் கண் பதித்து நிற்கும் மக்கள் இவர்கள். ஒரு சங்குக்காக 12 ஆண்டு நீரைப் பார்க்கத் தெரிந்த கண்களுக்கு, அதே நீரின் ஓரத்தில், காலடியில், ஈரமண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு புழுவைப் பார்ப்பது அரிதாகுமா? சங்கு வரும் நாளில் கரை நிறையக் கூடும் ஊர், சங்கு வராத நாள்களிலும் அக்கரையில் ஒரு சாண் ஈரமண்ணை எள்ளளவு உயிருக்கென விட்டுவைக்குமானால், அந்த மண்ணிலிருந்து ஆண்டுதோறும் வண்டுகள் எழுந்து நீருக்குத் திரும்பும்.